பிரிக்கவா, சேர்க்கவா

முருகன் துணை

சித்தாண்டி,
18.01.1970

அன்பின் நோபேட்,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீயும் இமெல்டாவும் பிள்ளைகளும் கொழும்பில் சுகமாக இருக்க என் முருகனையும் உன் மாதாவையும் ஒரே மூச்சில் மன்றாடுகிறேன். தனித்தனியாக மனுப்போட நேரமில்லை. பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது.

முதல் மூன்று அத்தியாயமும் எழுதி முடித்துவிட்டேன். ‘மின்கணிப்பொறி: ஓர் அறிமுகம்’ என்று மேலே தலைப்பை எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. கணிப்பொறியைக் கண்ணால் கண்டிராத சித்தாண்டி வாத்தியார் அதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம்! நீ அங்கே அந்த இயந்திரத்தோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறாய் என்ற துணிவில்தான் எழுதுகிறேன். எதற்கு, எப்படி என்ற முற்பாதி எனக்கு, இயந்திரத்துக்குக் கட்டளை எழுதும் பிற்பாதி உனக்கு. உன் பாதியின் அச்சுப் புரூவை நான் பார்த்துத் திருத்துவது, என் பாதியின் புரூவை நீ பார்ப்பது. இந்த ஒப்பந்தத்தை மட்டும் மாற்றாதே. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது.

இது முடிந்தால் அது, அது இல்லையென்றால் இது என்று அம்புக்குறி போட்டு வேலையின் ஒழுங்கைக் காட்டும் படம் இருக்கிறதே, அதைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு ஒரு வழி கிடைத்தது. உன்னிச்சையில் என் வீட்டுக்காரி இராசாத்தியின் தமையனுடைய வயல் வட்டைக்குப் போயிருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. மேல் வயல் நிறைந்ததா? நிறைந்தால் வரம்பை வெட்டிக் கீழ் வயலுக்கு விடு. நிறையவில்லையென்றால் பொறுத்திரு. மச்சான், கணிப்பொறி செய்வதும் இதைத்தானே! அப்படியே எழுதிவிட்டேன்.

அந்தப் படத்துக்குப் பெயர் பாய்ச்சற்கோட்டுப்படம். ஒரே சொல். நீ உன் கடிதத்தில் ‘பாய்ச்சல் கோட்டுப் படம்’ என்று மூன்று துண்டாக வெட்டிப் போட்டிருந்தாய். கணிப்பொறிக்குள் விடும் துளையட்டையையும் ‘துளை அட்டை’ என்று பிளந்து வைத்திருக்கிறாய். பொருள் ஒன்றென்றால் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். நாளைக்கு என்னையும் ‘கனக சிங்கம்’ என்று இரண்டாக்கி, கனகம் யார், சிங்கம் யார் என்று கேட்பாயோ?

பெப்ரவரியில் கலைச்சொற் குழுவுக்கு வருகிறேன். அங்கே வைத்து முடிவு கட்டுவோம்.

அன்புடன்,
கனகசிங்கம்

*

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
27.01.1970

அன்பு மச்சான் கனகன்,

உன் கடிதம் வந்த அன்று இமெல்டாவுக்கு அந்த வட்டை உதாரணத்தை வாசித்துக் காட்டினேன். “ஆறு வருசமா நீங்க அங்க என்ன வேலை செய்றீங்க எண்டு இண்டைக்குத்தான் விளங்கின” என்றாள். நன்றி. என் குடும்பத்தில் என் மதிப்பை உயர்த்திவிட்டாய்.

ஆனால் உன் சொற்கள்! கனகன், உன் சொற்கள் எல்லாம் ரெயில். எஞ்சின் மட்டக்களப்பு ஸ்ரேசனில் நிற்கும், கடைசிப் பெட்டி இன்னும் ஏறாவூரில் நிற்கும். அதில் ஏறவேண்டிய பிள்ளை எந்தப் பெட்டியில் ஏறும்? முதன்முதல் இந்தத் துறையைப் படிக்கப் போகிற பிள்ளைக்குச் சொல்லாவது மூச்சு விட இடம் தரவேண்டாமா? பிரித்து எழுதினால் ஒவ்வொரு துண்டும் ஏற்கெனவே தெரிந்த தமிழ். தெரிந்ததைக் கொண்டு தெரியாததைப் பிடிப்பார்கள்.

எப்படியோ, இரண்டில் ஒன்று. ஒரு பக்கத்தில் சேர்த்தும் மறுபக்கத்தில் பிரித்தும் இருந்தால், இரண்டும் வேறு வேறு பொருளாக்கும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அதைவிடப் பெரிய பாவம் இல்லை.

குழுக் கூட்டம் பதினாலாம் திகதி. நேரே வீட்டுக்கு வா. இமெல்டா இப்போதே நண்டுக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

உன்,
நோபேட்

*

கொட்டாஞ்சேனை,
17.02.1970

அன்பு மச்சான்,

கூட்டம் முடிந்து உன்னை வாசலில் தேடினேன். காவற்காரன், “அந்த மாஸ்டர் முன்னமே போயிற்றார்” என்றான். ஸ்ரேசனுக்கு ஓடினேன். பிந்திவிட்டேன்.

இமெல்டா மத்தியானத்திலிருந்து வழி பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்புக்கு வந்து என் வீட்டுப் படி மிதியாமல், ஒரு வாய் சோறு தின்னாமல் நீ திரும்பியது இதுதான் முதல் தடவை. அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ரெயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை.

நான் சொன்ன பகிடிதான் காரணம் என்று தெரிகிறது. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்ன அந்த ரெயில் கதை. அவர்கள் அவ்வளவு சிரிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கனகன். நமக்குள் எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நீயும் சிரிப்பாய் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நீ உன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாய்.

ஒரு வரி எழுது. ஏசியாவது எழுது.

உன்,
நோபேட்

*

சித்தாண்டி,
02.03.1970

திரு. நோபேட் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

இருவருக்கிடையில் சொன்ன பகிடி வேறு. அதே பகிடியைக் கொண்டுபோய், கழுத்துப்பட்டி கட்டிய பத்துப் பேருக்கு முன்னால் வைப்பது வேறு. பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மட்டக்களப்பு மாஸ்டரின் ரெயில்” என்றார். அவர்களுக்கு நான் யார், என்ன படித்தேன், இந்தப் புத்தகத்துக்காக எவ்வளவு பாடுபட்டேன் என்று எதுவும் தெரியாது. தங்களுக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் சிரித்ததை விடத் தாங்கள் சொன்னது எனக்கு நொந்தது.

புத்தக வேலையை இடையில் விடமாட்டேன். என் பாதியை மட்டக்களப்பில் ஜெயராஜாவின் அச்சகத்தில் நானே ஒப்படைப்பேன். அதன் புரூவையும் நானே பார்த்துக்கொள்வேன். தாங்கள் தங்கள் பாதியை நேரே அச்சகத்துக்கு அனுப்பித் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். பரிமாற்றம் தேவையில்லை.

அட்டையில் என் பெயர் வேண்டாம். அச்சகத்துக்கும் அப்படியே எழுதுகிறேன்.

இமெல்டா தங்கச்சியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். அவள் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை.

இப்படிக்கு,
க. கனகசிங்கம்

*

கொட்டாஞ்சேனை,
21.03.1970

கனகன்,

‘திரு’வாம், ‘தங்கள்’ஆம். உன் கடிதத்தை உடைத்து அந்த முதல் வரியைக் கண்டதும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். நீ என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தால் இவ்வளவு நொந்திருக்காது.

நீ சொன்னது சரி. முழுக்கச் சரி. உன்னைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் அந்த அறையில் இருந்தேன். உன் பக்கம் நிற்கவேண்டிய நேரத்தில் அவர்கள் பக்கம் நின்று பல்லைக் காட்டினேன். புதிதாக வந்தவர்களுக்கு முன்னால் கெட்டிக்காரனாகத் தெரியவேண்டும் என்ற ஆசை. வேறு காரணம் இல்லை. என்னை மன்னித்துக்கொள்.

புத்தகம் வந்தால் வருகிறது, வராவிட்டால் போகிறது. எனக்கு இப்போது அதில் இருக்கிற பயம் ஒன்றுதான். இந்தப் புத்தகத்தால் உன்னை இழந்துவிடுவேனோ என்று. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாள் தொட்டு எனக்கு நீ இருக்கிறாய். நீ இல்லாமல் எனக்கு ஒரு விஷயமும் முழுதாக நடந்ததில்லை. கலியாணம்கூட.

பதில் போடு.

நோபேட்

*

கொட்டாஞ்சேனை,
10.05.1970

கனகன்,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வரும் என்று தபாற்காரனைத் தெருமுனையிலேயே மறித்து மறித்து அவன் இப்போது என்னைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிறான்.

என் பாதியை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை. இராசாத்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. இமெல்டா ஒவ்வொரு பூசைக்கும் உனக்காக மெழுகுதிரி கொளுத்துகிறாள். எனக்காக ஒன்றும் கொளுத்துவதில்லை. “நீங்க செய்த வேலைக்கு ஒரு பெட்டி திரி வேணும்” என்கிறாள்.

நோபேட்

*

முருகன் துணை

சித்தாண்டி,
28.06.1970

அட நோபேட்,

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. முழுக் கதையையும் ஒழுங்காகச் சொல்கிறேன். கேள்.

நேற்று மட்டக்களப்புக்குப் போனேன். என் பாதி அச்சடித்து முடிந்து கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கிறது, ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். வாசலிலேயே எழுத்துக் கோக்கிற முகைதீன்பாவா காக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க சேர், வாங்க. ஒங்களத்தான் தேடுறன். என்ட எழுத்துக் கேஸில ஒரு ‘ற்’ இல்ல. எல்லாத்தையும் நீங்க திண்டுட்டீங்க!”

“நானா? என்ட பாதி அடிச்சு முடிஞ்சுதே, காக்கா?”

“அடிச்சதில ஒரு கரைச்சலும் இல்ல. இப்ப கோக்கிற பாதியிலதான். பக்கத்துக்குப் பக்கம் பாய்ச்சற்கோட்டுப்படம், பாய்ச்சற்கோட்டுப்படம் எண்டு கிடக்கு. ஒவ்வொண்டுக்கும் ஒரு ‘ற்’ வேணும். கேஸ் வெறுங்கேஸா கிடக்கு. இப்பிடி ஒரு சொல்ல ஒரு முழத்துக்குச் சேத்து எழுதுற ஆள் இந்த மட்டக்களப்பில நீங்க ஒராள்தானே? இதிலயும் நீங்கதான் கை வெச்சிருப்பீங்க!”

அதில் நான் கை வைக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஈயத்தில் கோத்து வைத்திருந்ததை மை பூசித் தாளில் ஒற்றி என் கையில் தந்தார். பார்த்தேன். துளையட்டை. கட்டளைத்தொடர். நினைவுக்களஞ்சியம். எல்லாம் சேர்த்து, சந்தி ஒன்றும் பிசகாமல், நான் எழுதுகிற மாதிரியே. ஆனால் வசனம் உன்னுடையது. உன் வசனத்தை நான் அறியமாட்டேனா?

மச்சான், அந்த ஈரத்தாளைப் பிடித்தபடி அங்கே கிடந்த கடதாசிக் கட்டின் மேல் இருந்துவிட்டேன். கடிதத்தில் மன்னிப்புக் கேட்டதை விட இது பெரிது. ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு பக்கமாக, உனக்குப் பிடிக்காத எழுத்தில் எனக்காக எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு அதைப் பற்றி ஒரு வரி சொல்லவுமில்லை. கூப்பிட்டும் எழும்பாமல் அந்தத் தாளையே திரும்பத் திரும்ப வாசித்தேன். முகைதீன்பாவா பயந்துபோய் மண்முட்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்.

தண்ணீரைக் குடித்தபிறகுதான் எனக்கு மற்ற விஷயம் உறைத்தது. சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்தமுடியவில்லை. ஏனென்று கேள்.

என் பாதி முழுவதையும் நான் பிரித்து எழுதியிருக்கிறேன், நோபேட்! பாய்ச்சல் கோட்டுப் படம். துளை அட்டை. நீ சொன்னபடியே. உன் மார்ச் மாதக் கடிதம் வந்தபோது பதில் எழுத வீம்பு விடவில்லை. பேனையை எடுப்பேன், ‘அன்பின்’ என்று எழுதுவேன், அந்தப் பெரியவர் கண்ணைத் துடைத்த கோலம் நினைவுக்கு வரும், கிழித்துப் போடுவேன். எழுதமுடியாததை என் பாதியில் செய்தேன். கொடுக்கப்போன கையெழுத்துப் படியைத் திரும்ப எடுத்து, சேர்த்திருந்ததை எல்லாம் பிரித்தேன். நீ புத்தகத்தில் பார்ப்பாய், விளங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன்.

நீ எனக்காகச் சேர்த்திருக்கிறாய். நான் உனக்காகப் பிரித்திருக்கிறேன். ஒருவர் பாதியை ஒருவர் பார்த்திருந்தால் முதல் தாளிலேயே பிடிபட்டிருக்கும். பரிமாற்றம் தேவையில்லை என்று பெரிய மனுஷனாக எழுதினேன் அல்லவா, அதன் பலன் இது.

முகைதீன்பாவாவுக்குச் சொன்னேன். “ரெண்டு சேரும் ஒராட உடுப்ப ஒராள் மாறிப் போட்டுக்கிட்டு வந்திரிக்கீங்க. இனி யாரு கழட்டுற?” என்றார்.

நீதான் கழட்டவேண்டும். என் பாதி அச்சடித்தாயிற்று. உன் பாதி இன்னும் ஈயத்தில்தான் இருக்கிறது, திருத்தலாம். ஆகவே பிரித்து எழுதுவதே நிற்கும். அது சரியும்கூட. பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் இரண்டு விதமாகவும் எழுதி வாசிக்கச் சொன்னேன். சேர்த்ததை வாசித்தவர்கள் நடுவில் நின்று மூச்சு வாங்கினார்கள். பிரித்ததை நேரே வாசித்துப் பொருளும் சொன்னார்கள். நீ சொன்ன நியாயம் நியாயம்தான்.

இன்னொன்றும் கிடக்கிறது. அட்டையும் அடித்துவிட்டார்கள். அதில் தலைப்பு இருக்கிறது, படம் இருக்கிறது, எழுதியவர் பெயர் இல்லை. “நீங்க ஒங்கட பேர எடுக்கச் சொல்லி எழுதினீங்க. கொழும்புச் சேர் தன்ட பேர எடுத்துட்டு ஒங்கட பேர மட்டும் போடச் சொல்லி எழுதினார். நான் ரெண்டு பேர்ட சொல்லையும் கேட்டன். ரெண்டும் இல்ல” என்றார் முகைதீன்பாவா. இன்னொருமுறை இயந்திரத்தில் விட்டுப் பெயர்களை ஏற்றலாமாம். ஏற்றச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இராசாத்திக்குச் சொன்னேன். “நாலு மாசமா இந்த வீட்டில ஆரோ செத்த மாதிரி மூஞ்சிய வெச்சிக்கிட்டுத் திரிஞ்சீங்க. இதுக்குத்தானா?” என்று கேட்டுவிட்டு அவளும் கண்ணைத் துடைத்தாள்.

பெரிய பாரம் இறங்கிவிட்டது, மச்சான். நேற்று நன்றாகச் சாப்பிட்டேன்.

உன்,
கனகன்

*

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
06.07.1970

அன்பு மச்சான் கனகன்,

தபாற்காரன் உறையை நீட்டியதும் உன் கையெழுத்தைக் கண்டு உடனே உடைக்கப் பயந்து, இமெல்டாவிடம் கொடுத்து முதலாவது வரியை மட்டும் வாசிக்கச் சொன்னேன். “‘அட நோபேட்’ எண்டு தொடங்குது” என்றாள். அவ்வளவும் போதும், இனி என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லை என்று அப்படியே கதிரையில் சாய்ந்தேன். பிறகு முழுவதையும் அவளே உரத்து வாசித்தாள். முட்டித் தண்ணீர் வரும் இடத்தில் அவளுக்கும் வாசிக்கமுடியவில்லை. நான் வாங்கி வாசித்தேன். ‘நான் உனக்காகப் பிரித்திருக்கிறேன்’ என்ற இடத்தில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

கடவுளுக்கு நன்றி. வேறென்ன சொல்ல.

ஆனால் ஒன்று. சேர்த்து எழுதியதை நான் தண்டனையாகத்தான் தொடங்கினேன். இரண்டு அத்தியாயம் போனதும் அது தண்டனையாக இருக்கவில்லை. பின்பக்கத்துச் சொல்லடைவுக்காக எல்லாக் கலைச்சொற்களையும் இரண்டு விதமாகவும் அட்டைகளில் துளையிட்டு எங்கள் இயந்திரத்தில் விட்டு ஒழுங்குபடுத்திப் பார்த்தேன். சேர்த்த சொற்கள் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. பிரித்தவை நாலா பக்கமும் சிதறின. கனகன் சொன்னது சரி, பொருள் ஒன்றென்றால் பெயரும் ஒன்று என்று எனக்குள் ஒப்புக்கொண்டேன். இப்போது நீ பிரிக்கச் சொல்கிறாய்! சரி, பிரிக்கிறேன். பாதி அடித்தபின் வேறு வழியில்லை. பிரித்தபின் முதலாவது துண்டைக் கொண்டு சொல்லடைவை ஒழுங்குபடுத்தலாம், சமாளிப்பேன். திருத்திய பாதியை முதலில் உனக்குத்தான் அனுப்புவேன். நீ பார்த்தபிறகே அச்சகத்துக்குப் போகும்.

போன மாதம் நடந்த அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். போன முறை நான் சொன்ன பகிடி என் நண்பரைப் பற்றியது, அதைச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை, அந்த வட்டை உதாரணத்தைப் போல ஒன்றை இந்த அறையில் யாரும் எழுதமுடியாது என்று. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் உன் விலாசம் கேட்டார். கொடுக்கவா என்று எழுது.

அட்டையில் உன் பெயரை முதலில் போடச் சொல். முற்பாதி உன்னுடையது. அதுதான் முறை. என் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும்.

ஆவணியில் உங்கள் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறோம்.

உன்,
நோபேட்

*

முருகன் துணை

சித்தாண்டி,
15.07.1970

அன்பின் நோபேட்,

திருத்திய பாதி வந்து சேர்ந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு ‘துளையட்டை’ இன்னும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பிரித்துவிட்டேன். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு அம்புக்குறி எதிர்ப்பக்கம் பார்க்கிறது. அதையும் பார். உன் கண்ணுக்கு அது ஒருநாளும் தெரிந்திருக்காது.

பெரியவருக்கு விலாசத்தைக் கொடு. வட்டையில் தண்ணீர் எப்படிப் பாய்கிறதென்று வந்து பார்க்கட்டும். சேற்றில் இறங்கக் கழுத்துப்பட்டி உதவாது என்று மட்டும் சொல்லி வை.

திருவிழாவுக்கு வருகிறீர்கள் என்று சொன்னதும் இராசாத்தி வீட்டைத் தலைகீழாகப் புரட்டத் தொடங்கிவிட்டாள். எனக்கு இருக்க ஓரிடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

இனி அட்டைக்கு வருகிறேன். உன் கடிதத்தில் எனக்கு ஆத்திரம் வந்த இடம் அதுதான். ‘உன் பெயரை முதலில் போடு, என் பெயர் கீழே சின்ன எழுத்தில்.’ திரும்பவும் தொடங்கிவிட்டாயா? நாலு மாதமாக நீயும் விட்டுக்கொடுத்தாய், நானும் விட்டுக்கொடுத்தேன். பலன் என்ன? புத்தகம் இரண்டாகப் பிளந்தது. அட்டை மொட்டையாக வந்தது. அச்சகத்தில் ‘ற்’ தீர்ந்தது. நம் இரண்டு பேரின் பணிவு போல ஆபத்தானது வேறில்லை.

அந்த நாலு மாதத்தில் இராசாத்தியோடு சண்டை பிடித்துப் பார்த்தேன். தலைமையாசிரியரோடும் பிடித்துப் பார்த்தேன். ருசிக்கவில்லை. அவர்கள் எல்லாம் கோபிக்கிறார்கள், அல்லது ஆமென்று தலையாட்டுகிறார்கள். ஒரு சொல்லுக்காக இரண்டு பக்கம் எழுதி எதிர்த்து நிற்க ஒருவரும் இல்லை. நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நோபேட். பயம்தான் வந்தது. இனி நீ என்னோடு பார்த்துப் பார்த்துத்தான் பேசுவாயோ என்று.

முகைதீன்பாவா பெயர் வரிசைக்காக அட்டைகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். அகரவரிசைப்படி ககரம் முன்னால், நகரம் பின்னால். ஆகவே என் பெயர்தான் முதலில். இது என் கட்சி. உன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று ஏதாவது நியாயம் கண்டுபிடித்து, நல்ல காரமாக, அடுத்த தபாலிலேயே எழுது.

சண்டை பிடிக்க எனக்கு வேறு ஆள் இல்லை, மச்சான்.

உன்,
கனகன்